தள்ளுபடியான நரகம்

நான் வேலை செய்வது பிலிமத்தலாவையில், கொழும்பு வீதியோரத்தில் இருக்கும் ஒரு துணிக்கடையில். திரைச்சீலைப் பகுதி என் பொறுப்பு. யன்னல் அளவை எழுதிக்கொள்வது, துணியை விரித்துக் காட்டுவது, தைக்கக் கொடுத்து வாங்குவது எல்லாம் நான்தான். கடையில் பிழையில்லாமல் தமிழ் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்தி என்பதால் வாசல் பதாகைகளுக்குத் தமிழ் எழுதும் வேலையும் என் தலையில் விழுந்தது. நான் வருவதற்கு முன்னால் அங்கே ‘பாதிக்குப் பாதி கழிவு’ என்று எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். விலைக்கழிவு என்று எழுத இடம் போதவில்லையாம். கழிவு என்று எழுதினால் சாக்கடைக் கான் தண்ணீர் நாறுகிறது என்று சனம் மூக்கைப் பொத்திக்கொண்டு போகுமே தவிர உள்ளே வராது என்று முதலாளியிடம் சொல்லி, ‘தள்ளுபடி’ என்று மாற்றிவிட்டேன். அந்தச் சொல்லைக் கொண்டுவந்தவள் நான்தான் என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

நாங்கள் இருப்பது குண்டசாலைப் பக்கம். கணவருக்குப் பல்லேகலயில் ஒரு தொழிற்சாலையில் வேலை. மாமி, அதாவது அவருடைய அம்மா, எங்களோடு இருக்கிறார். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து மகனைப் படிக்க வைத்தவர். மகனுக்கு வேலை கிடைத்த பிறகு எங்களோடு வந்துவிட்டார். மூன்று பேரும் ஒரே சபைக்குத்தான் போகிறோம். சபை என்றால் பெரிய கோயில் கட்டடம் ஒன்றும் இல்லை. வாகனம் திருத்தும் இடம் ஒன்றுக்கு மேல்மாடியில் பிளாஸ்டிக் கதிரைகளைப் போட்டு நடக்கிறது. பாஸ்டர் நல்ல மனிதர். கூப்பிட்ட வீட்டுக்கெல்லாம் மழையென்றும் பார்க்காமல் வந்து ஜெபிப்பார்.

சில வருடங்களுக்கு முன் நான் கர்ப்பமாக இருந்தேன். ஆறாம் மாதம் பிறக்கும் முன்பே பிரஷர் ஏறிக் கண் மங்கியது. நெஞ்சுக்குக் கீழே தாங்க முடியாத வலி. பேராதனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது நினைவிருக்கிறது, அதற்குப் பிறகு ஒன்றும் நினைவில்லை. பிள்ளையை வெளியே எடுக்காவிட்டால் தாய் தங்கமாட்டாள் என்று டொக்டர்மார் சொல்லியிருக்கிறார்கள். எடுத்தார்கள். நான் தங்கினேன், பிள்ளை தங்கவில்லை. பெண் பிள்ளை என்று பிறகு சொன்னார்கள். வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. நானும் கேட்டதில்லை. பிள்ளையை எடுக்கச் சம்மதித்துக் கணவர் கையெழுத்து வைத்திருப்பார் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். இன்னொரு பிள்ளைக்குத் தடையில்லை, கவனமாகப் பார்த்துக்கொண்டால் போதும் என்று டொக்டர் சொன்னதை மட்டும் கணவர் அவ்வப்போது நினைவூட்டுவார். நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

அப்படி இருக்கையில்தான் ஒரு நாள் காலை, கண்டியில் பஸ் மாறி உட்கார்ந்த பிறகு, மாமியிடமிருந்து வட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு வந்தது. மாமிக்குப் போனில் கை பட்டதையெல்லாம் எல்லோருக்கும் அனுப்பும் பழக்கம் உண்டு. மூட்டுவலிக்கு வெந்தயம், அமெரிக்காவில் பூமி பிளந்தது, சிவனொளிபாத மலையில் தேவதூதன் என்று தினமும் ஏதாவது வரும். அந்த ரகம் என்று நினைத்துத்தான் காதில் வைத்தேன்.

பின்னால் இடி இடிக்கிற சத்தம். ஒரு ஆண்குரல், இந்தியத் தமிழ். ஆதிச் சபையில் இருந்த ஒரு நூலை உங்களிடமிருந்து மறைத்துவிட்டார்கள் என்று ஆரம்பித்தது. அப்போஸ்தலர் ஒருவருக்கு நரகம் காட்டப்பட்டதாம், அவர் கண்டதையெல்லாம் எழுதி வைத்தாராம், சபைத் தலைவர்கள் கூடி அதை வேதாகமத்திலிருந்து எடுத்துவிட்டார்களாம். பிறகு ஒவ்வொரு பாவமாகச் சொல்லிக்கொண்டு வந்தது. பொய்ச்சாட்சி சொன்னவர்களுக்கு என்ன, வட்டி வாங்கினவர்களுக்கு என்ன என்று. நான் பாதி சிரிப்போடுதான் கேட்டேன், எங்கள் ஊர் வட்டிக்காரர்களை நினைத்துக்கொண்டு. அடுத்து, கர்ப்பத்தை அழித்தவர்கள் என்றது அந்தக் குரல். அவர்கள் கழுத்தளவு அசுத்தத்துக்குள் உட்கார்ந்திருக்கிறார்களாம். அவர்களுக்கு எதிரே, காலம் நிறையாமல் பிறந்த பிள்ளைகள் உட்கார்ந்து அழுகிறார்களாம். அந்தப் பிள்ளைகளிடமிருந்து நெருப்புக் கிளம்பி வந்து எதிரில் இருப்பவர்களின் கண்ணில் அடிக்கிறதாம்.

பஸ் அப்போது பேராதனையை நெருங்கிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குத் திரும்பும் இடத்தைத் தினமும் கடந்துதான் நான் வேலைக்குப் போகவேண்டும். அன்றைக்கு அந்த இடம் வந்தபோது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். உள்ளங்கை வேர்த்துப் போன் வழுக்கியது. பக்கத்திலிருந்த பெண் சிங்களத்தில் சுகமில்லையா என்று கேட்டு யன்னலைத் திறந்துவிட்டார். எனக்குப் பயமாக இருந்தது. அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. சின்ன வயதில் இருட்டுக்குப் பயந்ததைப் போல, யாரிடமும் சொல்ல முடியாத பயம்.

மாமி ஏன் இதை எனக்கு அனுப்பினார் என்பது அடுத்த பயம். கை தவறி அனுப்பியிருக்கலாம் என்று நினைக்க ஆசைதான். ஆனால் எங்கள் குடும்பக் குழுவில் அது இல்லை. எனக்கு மட்டும் வந்திருந்தது. அன்று மாலை வீட்டுக்குப் போனபோது மாமி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேட்கவுமில்லை, சொல்லவுமில்லை. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார், குடித்தேன். மறுநாளும் அதே பார்வை. என் பேரப்பிள்ளையைத் தின்றுவிட்டு நீ மட்டும் எழும்பி வந்தாயே என்று கேட்பது போலவே எனக்குத் தெரிந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள், எனக்கு வீட்டுக்குள்ளேயே ஒரு பேய் உட்கார்ந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தது.

கடையிலும் நிம்மதி இல்லை. கைக்குழந்தையோடு யாராவது வந்தால் நான் துணிச் சுருள்களுக்குப் பின்னால் போய்விடுவேன். ஒரு தரம் தப்ப முடியவில்லை. தாய் துணியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருக்க, தோளில் கிடந்த பிள்ளை என்னையே உற்றுப் பார்த்தது. பிள்ளைகள் அப்படித்தான் பார்க்கும், அதற்கு ஒரு காரணமும் இருக்காது. எனக்குக் கண் எரிந்தது. உண்மையாகவே எரிந்தது. இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டேன். தாய் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, வேறு கடை பார்க்கிறேன் என்று போய்விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பாஸ்டரிடம் தனியாகக் கேட்டேன். என் விஷயம் என்று சொல்லாமல், இப்படி ஒன்று போனில் சுற்றுகிறது என்று மட்டும் சொன்னேன். அவர் யோசிக்கக்கூட இல்லை.

“சிஸ்டர், அதெல்லாம் தள்ளுபடி ஆகமம். வேதத்துல சேக்காத புத்தகம். காதுல போட்டுக்கவே கூடாது.”

“யாரு பாஸ்டர் தள்ளுனது? ஏன் தள்ளுனாங்க?”

“தேவன் தள்ளுனாரு. நமக்கு எது வேணுமோ அத அவரே வச்சிட்டாரு. மிச்சத்த நம்ம தோண்டப்பிடாது.”

வேறு யாருக்காவது அந்தப் பதில் போதும். எனக்கு அந்தச் சொல்லே பகையாகிவிட்டது. பஸ்ஸில் வரும்போதெல்லாம் அதையே உருட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் கடையில் தள்ளுபடி என்றால் என்ன? சுருளின் கடைசித் துண்டு, ஓரத்தில் சாயம் மங்கினது, போன வருடத்துப் பூப்போட்டது. அதை ஒரு கூடையில் போட்டு வாசலில் வைப்போம். ஆனால் அது போலித் துணி இல்லை. அதே ஆலையில், அதே நூலில் நெய்ததுதான். தள்ளுபடித் துணியும் துணிதானே. அப்படியானால் தள்ளுபடி ஆகமமும் ஆகமம்தானே? விலை குறைந்திருக்கிறதே தவிரப் பொய்யில்லையே? நரகமும் அப்படியே இருக்கிறது, வாசலில் ஒரு கூடையில் கிடக்கிறது என்று எனக்குத் தோன்றிவிட்டது. இப்போது சொல்லும்போது சிரிப்பாக இருக்கிறது. அப்போது இதை நினைத்துச் சாப்பாடு இறங்கவில்லை. பாஸ்டர் ஆறுதலாகச் சொன்ன சொல் வேப்பெண்ணெய் மாதிரித் தொண்டையில் நின்றது.

அந்த வாரம் திரைச்சீலைக்கு அளவு கொடுக்க ஒரு பெண் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கழுத்தில் சின்னச் சிலுவை, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறவர். முந்தியும் வந்திருக்கிறார். ஒரு அங்குலம் கூடினால் சண்டை பிடிப்பார். அவரைக் கண்டாலே எனக்குப் பிடிக்காது. நான் அளவு எழுதிக்கொண்டிருக்க, அவர் போனில் யாருக்கோ, ஆதிச் சபையில் எந்தெந்தப் புத்தகங்களை வாசித்தார்கள் என்பது பற்றித் தன் மாணவர்கள் எழுதிய விடைகளைத் திட்டிக்கொண்டிருந்தார். என் கை நின்றுவிட்டது. வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விடாதே என்று ஒரு மனம் சொன்னது. கேட்டுவிட்டேன்.

“மிஸ், தள்ளுபடி ஆகமம்னா அது பொய்யா?”

அவர் போனை வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். “எந்தப் புத்தகத்தைச் சொல்லுறியள்?”

குரல்பதிவில் கேட்டதைச் சொன்னேன். அவருக்கு உடனே விளங்கிவிட்டது.

“உங்கட பாஸ்டர் எல்லாத்தையும் ஒரே மூட்டையிலை கட்டிப்போட்டார். தள்ளுபடி ஆகமம் எண்டு நீங்கள் சொல்லுறது வேறை புத்தகங்கள். அதுகளை நாங்கள் கத்தோலிக்கர் கோயிலிலையே வாசிக்கிறனாங்கள். இது அதுவுமில்லை. இது வேறை.”

“அப்ப இத யாரு மறைச்சாங்க?”

“ஒருத்தரும் மறைக்கேல்லை. ஒரு நாள் எல்லாரும் கூடி இருந்து இது வேணும் இது வேண்டாம் எண்டு பிரிச்சதெண்டு போனிலை சொல்லுவினம். அப்பிடி நடக்கேல்லை. முதல்லை ஊருக்கு ஊர் வேறை வேறை புத்தகம் வாசிச்சவை. கன காலம் போய்த்தான் எல்லாரும் ஒரு வரிசைக்கு வந்தவை. இதை அப்போஸ்தலரோடை இருந்த ஆரும் எழுதினவையோ, பழைய காலத்திலை இருந்து எல்லாச் சபையிலையும் வாசிக்கினமோ, நாங்கள் கையேற்ற விசுவாசத்தோடை இது ஒத்து வருதோ, இதுதான் கேள்வி. உங்கடை இந்தப் புத்தகத்தைச் சில இடத்திலை வாசிச்சவை. ஒரு இடத்திலை பெரிய வெள்ளிக்கிழமையிலை மட்டும் வாசிச்சிருக்கினம். வேறை ஆக்கள், வீட்டிலை வேணுமெண்டால் வாசி, சபையிலை வாசிக்காதை எண்டினம். அப்போஸ்தலர் எழுதினது எண்டு கன பேர் நம்பேல்லை. மெல்ல மெல்ல வாசிக்கிறது நிண்டு போச்சு. வாசிக்காட்டி ஆரும் பிரதி எடுக்க மாட்டினம். அவ்வளவுதான்.”

எனக்கு இது பாஸ்டர் சொன்னதைவிட மோசமாக இருந்தது. சில பேர் வாசித்தார்கள் என்றால், அந்தச் சில பேர் சரியாக இருந்தால்? வேதாகமத்தின் எல்லை ஓரம் வரை வந்து மயிரிழையில் வெளியே நின்றுபோன புத்தகம் அது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. நான் அளவுத்தாளை மடித்து, விரித்து, மறுபடி மடித்தேன். அவர் அதைப் பார்த்திருக்க வேண்டும். அன்றைக்கு ஒரு அங்குலத்துக்கும் சண்டை பிடிக்காமல் போய்விட்டார்.

தைத்த திரைச்சீலையை எடுக்க வந்தபோது, காசாளரிடம் போவதற்கு முன் நேரே என்னிடம் வந்தார்.

“தங்கச்சி, நீங்கள் கேட்டது சும்மா கேள்வியில்லை எண்டு எனக்குப் பிறகுதான் விளங்கினது. உங்களுக்கு ஒரு பிள்ளை தவறினதோ?”

நான் தலையாட்டினேன். முன்பின் பழக்கமில்லாத ஒருவர், அதுவும் எனக்குப் பிடிக்காத ஒருவர், அப்படிக் கேட்டதும் அழுகை வந்துவிட்டது. அவர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. அது அவருக்கு வராது என்று நினைக்கிறேன். பாடம் சொல்லுகிற மாதிரியே சொன்னார்.

“அந்தக் குரல்பதிவிலை முடிவு இருந்ததோ?”

“நரகத்தோட முடிஞ்சிருச்சு மிஸ்.”

“அதுதான் பிழை. அந்தப் புத்தகம் நரகத்தோடை முடியேல்லை. எகிப்திலை கிடைச்ச ஒரு சின்னப் பழைய ஏட்டிலை இன்னொரு பகுதி இருக்கு. பரலோகத்திலை இருக்கிற ஆக்கள், நெருப்புக்குள்ளை கிடக்கிற ஆரையெண்டாலும் தாங்கோ எண்டு ஆண்டவரைக் கேட்கலாம். அவர் குடுப்பார். ஆரைக் கேட்டாலும் குடுப்பார். பிறகு வேறை பாசையிலை எழுதினவை அந்த இடத்தைக் குழப்பிப் போட்டினம். இப்பிடி எல்லாரையும் விட்டால் சனம் பயமில்லாமல் பாவம் செய்யும் எண்டு பயந்திருக்கினம். இந்தப் புத்தகம் வெளியிலை நிண்டதுக்கு அந்த இரக்கமும் ஒரு காரணமெண்டு சில பேர் சொல்லுகினம். எனக்கு அது நிச்சயமாத் தெரியாது.”

திரைச்சீலைப் பொதியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நான் அன்று முழுக்க யாருக்கும் சரியாகத் துணி காட்டவில்லை. கோபம்தான் முதலில் வந்தது. ஒதுக்கப்பட்ட நூலுக்குள்ளேயே ஒதுக்கப்பட்டது அந்த இரக்கம்தானா? நெருப்பை இத்தனை நூற்றாண்டு பத்திரமாகச் சுமந்து வந்து என் காதில் ஊற்றியவர்களுக்கு, அந்த ஒரு சின்ன ஏட்டைச் சுமக்கக் கை வலித்ததா? பயம் மட்டும் போகவில்லை. இரக்கம் இருக்கிற நூலும் தள்ளப்பட்ட நூல்தானே. நெருப்புப் பொய்யென்றால் இரக்கமும் பொய்தான். இரண்டையும் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், கணவர் வெளியே போயிருந்தார். மாமி முன்வாசலில் உட்கார்ந்து காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். இதற்கு மேல் தாங்காது என்று போய் எதிரே உட்கார்ந்தேன்.

“மாமி, அந்த நரகத்த எனக்கு ஏன் அனுப்புனீங்க?”

மாமி மடித்துக்கொண்டிருந்த சட்டையை மடியில் வைத்தார்.

“நீ படிச்ச புள்ள. இது நெசமா பொய்யான்னு நீ சொல்லுவேன்னுதான் அனுப்புனேன். பாஸ்டருகிட்ட கேக்கப் பயமா இருந்துச்சு. நீ ஒன்னுமே சொல்லல. மொகத்த மொகத்தப் பாத்தேன். நீ பேசவே இல்ல. அப்ப நெசம்தான்னு நெனச்சிட்டேன்.”

“ஒங்களுக்கு எதுக்கு மாமி பயம்?”

மாமி வீதியைப் பார்த்தார். பிறகு மிக மெதுவாகச் சொன்னார்.

“அன்னைக்கு டொக்டரு மாத்தயா வெளிய வந்து, புள்ளைய எடுக்கவான்னு கேட்டாரு. ஒம் புருசன் பேச்சு மூச்சில்லாம செவுத்துல சாஞ்சு நின்னான். அவனால வாயத் தொறக்க முடியல. அதான் நான் சொன்னேன். ‘அம்மாவ பேரகன்ன மாத்தயா’ன்னு. தாயக் காப்பாத்துங்க ஐயான்னு. எனக்குத் தெரிஞ்ச சிங்களம் அவ்வளவுதான். கையெழுத்து வச்சது அவன். வாயால சொன்னது நானு. அப்ப அந்தச் சேத்துக்குள்ள ஒக்காரப் போறது நான்தானே தாயி?”

நான் இத்தனை நாளும் பேயென்று பார்த்துக்கொண்டிருந்த முகம் அது. என்னைப் போலவே சாப்பாடு இறங்காமல் மெலிந்திருந்தது. நான் அதைக்கூடக் கவனித்திருக்கவில்லை. மாமியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். என் உயிரைக் கேட்டு மீட்ட வாய், அதற்காக நெருப்பைப் பார்த்து நடுங்கிக்கொண்டிருந்தது. நீங்கள் செய்தது பாவமில்லை, அந்த நூல் சொல்வது நம்மைப் போன்றவர்களையும் இல்லை என்று சொன்னேன். மாமி கேட்டுக்கொண்டிருந்தார், ஆனால் நம்பவில்லை. நானே முழுக்க நம்பாததை அவர் எப்படி நம்புவார்? அப்போதுதான் அந்த எகிப்து ஏட்டுக் கதையைச் சொன்னேன். அது வேதத்தில் இல்லை, தள்ளின நூல்தான் என்றும் சேர்த்துச் சொன்னேன். பொய் சொல்லி ஆறுதல் தர எனக்கு மனமில்லை.

மாமி கையை விடுவித்துக்கொண்டு மடியில் கிடந்த சட்டையை மடித்து முடித்தார்.

“அப்ப, அங்க இருக்கிற ஆளுதான் ஆண்டவருகிட்ட நம்மளத் தாங்கன்னு கேக்கணும்.”

“ஆமாங்க மாமி.”

“அப்ப நம்மள அந்தப் புள்ளதானே கேக்கணும். அதுக்கு நம்ம யாருன்னே தெரியாதே. கண்ணத் தொறந்து ஒருத்தர் மொகத்தையும் பாக்கலியே. யாருன்னு சொல்லிக் கேக்கும்?”

இது பாஸ்டரிடமோ பேராதனை மிஸ்ஸிடமோ கொண்டுபோகிற கேள்வியில்லை. எந்த நூலிலும், சேர்த்ததிலும் தள்ளினதிலும், இதற்குப் பதில் இருப்பதாக எனக்குத் தெரியாது.

“மொகம் தெரியாது மாமி. ஒங்க சத்தம் தெரியும். வயித்துல இருக்கயில தெனமும் நீங்கதானே கிட்ட வந்து பேசிக்கிட்டு இருந்தீங்க.”

மாமி என் வயிற்றைப் பார்த்தார். பிறகு, அந்த நாட்களில் எப்படிக் குனிந்து பேசுவாரோ அதேபோலக் குனிந்து, ஒன்றுமில்லாத அந்த வயிற்றுக்குக் கிட்ட வாயைக் கொண்டுவந்து சொன்னார்.

“கண்ணு, மொதல்ல அம்மாவக் கேளு. என்னைய அப்புறம் கேட்டுக்கலாம்.”